கையெழுத்துப் போட்டு அழைத்து வருகிறோம்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் குடும்ப உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





காலையிலிருந்து நிறைய உரைகளைக் கேட்டுவிட்டீர்கள். சாப்பாட்டு வாசனையும் வரத் தொடங்கிவிட்டது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் குழுவுக்குத் தந்த தலைப்பு, ஊரிலிருந்து குடும்பத்தாரை அழைத்துக்கொள்வது பற்றி. இந்த ஐம்பது ஆண்டுகளில் சங்கத்தின் கதவைத் தட்டியவர்களில் உதவிப் பணம் கேட்டு வந்தவர்கள் உண்டு, மையித்துக் காரியத்துக்காக வந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பழைய பாஸ்போர்ட்டுகளையும் மடித்த காகிதங்களையும் வைத்துக்கொண்டு, "இவரை இங்கே கூப்பிடணும், என்ன வழி?" என்று கேட்டு வந்தவர்கள்தாம் மிகுதி. அந்தப் பையை எங்கள் மேசைமீது கவிழ்த்துப் பார்த்தே எங்கள் குழுவுக்குப் பாதி வயது போய்விட்டது.

இன்று நாம் 'ஸ்பான்சர்' என்கிறோம். நம் பெரியத்தாமார் காலத்தில் 'ஜாமீன்' என்றார்கள். அந்தச் சொல்தான் பொருத்தமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பிள்ளைகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூருக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே மாதிரி வரவில்லை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தறி நொடித்துப்போன காலத்தில் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். ஆண்கள் தஞ்சோங் பகார் பக்கம் துறைமுக வேலைக்குப் போனார்கள், பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். குடும்பத்தோடு வந்ததால்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி அப்படிப் பிறந்ததுதான். அது 1982 வரை நடந்தது. அங்கே படித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், கை தூக்கச் சொன்னால் தூக்குவார்கள்.

தஞ்சாவூர், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் கதை வேறு. அவர்கள் சபுராளிகள். கடைக்கு மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய், சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். மனைவி மக்கள் ஊரில். பிள்ளை நடக்கப் பழகியது கடிதத்தில் வரும். அந்தப் பிள்ளை அத்தாவை முதன்முதலாகப் பார்க்கும்போது யாரோ விருந்தாளி என்று நினைத்து உள்ளே ஓடும். நம்மில் பலர் அப்படி ஓடிய பிள்ளைகள்தாம்.

அப்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், பிறகு சிங்கப்பூர். 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னாலே சில முதியவர்களுக்குக் கண் கலங்கும். சிலருக்கு வயிறு புரளும், அது வேறு விஷயம். கப்பலில் நோய் இருந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவு முகாமில் இருந்துவிட்டு வர வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வருபவருக்குக் கதவு பெரும்பாலும் திறந்தே இருந்தது. அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கொள்ளலாம், பெரியவனுக்குப் பள்ளி முடியட்டும், உம்மாவின் உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட முடிந்தது.

1953 ஆகஸ்ட் முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பிறகு, டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறினால் போதும் என்ற நிலை போய்விட்டது. இங்கே ஏற்கெனவே குடியிருப்பவரின் மனைவி மக்கள் என்பது விதிவிலக்குகளில் ஒன்றாக ஆயிற்று. 1959-இல் மலாயாவில் விதி இன்னும் இறுகியது. கணவனை நீண்டகாலம் பிரிந்து ஊரிலேயே இருந்துவிட்ட மனைவிக்கும், சிறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் கதவு மூடியது. சபுராளிகளுக்கு இது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரிந்திருப்பதுதான் அவர்களுடைய வாழ்க்கை முறை. அதையே சட்டம் காரணமாகச் சொன்னது.

இதற்கிடையே 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. வரிசையில் நின்று பதிந்தவர் பதிந்தார். "நாம் ஊருக்குத்தானே போகப் போகிறோம், எதற்கு?" என்று இருந்தவர் இருந்துவிட்டார். அறுபதுகளின் நடுவில் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. படைத்தளங்களில் வேலை பார்த்த நம்மவர் பலர் கையில் கிடைத்த பணத்தோடு ஊர் திரும்பினார்கள். ஒரே வீட்டில் அண்ணனிடம் இளஞ்சிவப்பு அடையாள அட்டை, தம்பியிடம் நீல அட்டை, மச்சானிடம் அட்டையே இல்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் எங்கள் மேசைக்கு வரும் பல சிக்கல்களின் வேர், ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் ஒரு பெரியவர் வரிசையில் நின்றாரா இல்லையா என்பதில் இருக்கிறது.

சரி, இன்றைய நடப்புக்கு வருவோம்.

சட்டம் 'குடும்பம்' என்று சொல்வது நாம் குடும்பம் என்று சொல்வதைவிடச் சின்னது. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் கீழ் உள்ள மணமாகாத பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோருக்கு நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசியாக இருந்தால் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் கேட்கலாம், பெற்றோருக்குக் கேட்க முடியாது. விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொல்கிறோம், கிடைக்கும் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் மக்கள் நிறையப் பேர் வீட்டை விற்றிருக்கிறார்கள்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பட்டியலில் இல்லை. உடன்பிறந்தவருக்குக் கையெழுத்துப் போட்டு நிரந்தரவாசம் வாங்கித் தரும் வழி கிடையாது. "நான் படிக்கும்போது அண்ணன்தான் ஃபீஸ் கட்டினார், அவர் மகன் எனக்கு மகன் மாதிரி" என்று கண்ணீரோடு வருகிறார்கள். உண்மை, நமக்கும் தெரியும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'மாதிரி' என்று ஒரு கட்டம் இல்லை. அண்ணன் மகன் வர வேண்டுமானால் அவன் படிப்புக்கும் திறமைக்கும் ஏற்ற வேலையில், அவனுக்கு உரிய வேலை அனுமதியோடு வர வேண்டும்.

வாய்ச்சொல்லாய் எடுத்து வளர்க்கும் பிள்ளைகளின் நிலையும் இப்படித்தான். தங்கை மவுத்தாகிப் போனாள், அவள் குழந்தையை நாம் வளர்க்கிறோம் என்பது நம் சமூகத்தில் பெரிய காரியம், நன்மையான காரியம். சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் குழந்தை உங்கள் பிள்ளை ஆக வேண்டுமானால் முறைப்படி சட்டப்படியான தத்து இருக்க வேண்டும். இந்தியாவில் இந்துக்களுக்கு உள்ள 1956-ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் நமக்குப் பொருந்தாது. அங்கே நமக்கு உள்ள வழி இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கு நேரம் பிடிக்கும். மார்க்கத்தில் பரம்பரைப் பெயர், வாரிசு பற்றிய கேள்விகளும் எழும். ஆகவே ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டுக் குழந்தைக்கு டிக்கெட் எடுங்கள். எடுத்துவிட்டுக் கேட்காதீர்கள்.

இனி, கல்யாணம். எங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பமாக ஊருக்குப் போவோம். முதல் வாரம் பெண் பார்ப்போம். இரண்டாம் வாரம் நிக்காஹ். மூன்றாம் வாரம் மாப்பிள்ளை திரும்பி வந்து வேலைக்குப் போவார். நான்காம் வாரம் எங்கள் மேசைக்கு வந்து, "பொண்ணை எப்போ கூப்பிடலாம்?" என்பார். நிக்காஹுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. 2015 ஜனவரியிலிருந்து திருமணத்துக்கு முன்பே நீண்டகால வருகை அட்டைக்குத் தகுதி உண்டா என்று குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் மதிப்பீடு கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. மாப்பிள்ளையின் வருமானம் குடும்பத்தைத் தாங்குமா என்பது போன்றவற்றைப் பார்ப்பார்கள். பதில் கிடைத்த பிறகு தேதி குறித்தால், பெண் வீட்டாரிடமும் உண்மை நிலையைச் சொல்லலாம். "கல்யாணம் ஆன மறுமாசமே சிங்கப்பூர்" என்று தரகர் சொன்னதை நம்பிப் பெண் கொடுத்த வீடுகள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

2012-இல் தொடங்கிய 'பிளஸ்' அட்டை கிடைத்தால் கொஞ்சம் வசதி. முதலில் மூன்று ஆண்டு, புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டு வரை தருவார்கள். அரசாங்க மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குச் சலுகையும் உண்டு. சாதாரண அட்டையில் அந்தச் சலுகை கிடையாது. பிள்ளை பிறந்த குடும்பங்களுக்கு 'பிளஸ்' கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

நம் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊர்ப் பையனுக்குப் பெண் கொடுக்க நினைத்தால், முதலில் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். முன்பு அந்தச் சீட்டில் இருந்து, இப்போது ஊருக்குத் திரும்பிவிட்ட பையனுக்கும் இது பொருந்தும். நிக்காஹ் சிங்கப்பூரில் நடந்தாலும் ஊரில் நடந்தாலும் பொருந்தும். "ஊரில் ஜமாஅத் தஃப்தரில் கையெழுத்துப் போட்டாயிற்று, இங்கே யாருக்குத் தெரியும்?" என்று எண்ணி நடத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. அந்தப் பையன் திரும்ப இந்த நாட்டுக்குள் வர முடியாமல் போனதும், நம் பெண் கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருப்பதும் நாங்கள் பார்த்தவை. பையன் நல்ல பையன், யாரும் தப்பான எண்ணத்தோடு செய்யவில்லை. கேட்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

பணத்துக்காக நடத்தும் போலிக் கல்யாணத்தைப் பற்றி ஒரே வரி: 2012 கடைசியிலிருந்து அது தனிக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்குமேல் இந்த மண்டபத்தில் அதைப் பேசத் தேவையில்லை.

காகிதங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் குழுவினரே எங்களை விடமாட்டார்கள். நம் பெயர்கள்தாம் நமக்கு முதல் எதிரி. ஒரே மனிதர், பிறப்புச் சான்றிதழில் முகம்மது, பள்ளிச் சான்றிதழில் மொஹமது, பாஸ்போர்ட்டில் 'எம்' என்ற ஒற்றை எழுத்து, நிக்காஹ் சான்றிதழில் வீட்டில் கூப்பிடும் பெயர். படிக்கும் அதிகாரிக்கு அது நான்கு மனிதர்கள். போதாக்குறைக்கு ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி. ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள் நம் ஊர்களில் எவ்வளவு பேர் என்று எண்ணினால், அன்று ஊரே பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்திருக்க வேண்டும்! இதையெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, ஊரிலேயே, முறையாகத் திருத்தி வாங்க வேண்டும். நாமாக ஒரு எழுத்தைக்கூடச் சரிசெய்து எழுதக் கூடாது. பொய்த் தகவல் தருவது குற்றம், ஒருமுறை அப்படி மாட்டினால் உண்மையான விண்ணப்பமும் பிறகு எடுபடாது.

நிக்காஹ் தஃப்தரின் நகல் மட்டும் கொண்டுவராதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் திருமணத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் ஆவணங்களுக்கு 'அப்போஸ்தில்' முத்திரை என்று ஒன்று உண்டு. இந்தியா 2005-லிருந்தே அந்த உடன்படிக்கையில் இருக்கிறது, சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. முன்பு போல ஒவ்வொரு அலுவலகமாக முத்திரை வாங்கி அலைய வேண்டியது இதனால் குறைந்திருக்கிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் குழந்தை வெளிநாட்டில் பிறந்தால் அது தானாகச் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிடாது. அத்தா குடிமகனாக இருந்தால் வம்சாவளிக் குடியுரிமை கேட்டுப் பதியலாம், ஒரு வயது முடிவதற்குள் பதிய வேண்டும். முன்பு அத்தா வழியாக மட்டுமே அது வந்தது. 2004 மே மாதத்திலிருந்து தாய் வழியாகவும் வருகிறது. அதற்கு முன்பு ஊரில் பிள்ளை பெற்ற நம் சகோதரிகள் சிலர், தாங்கள் குடிமக்களாக இருந்தும் பிள்ளைக்கு அட்டை வாங்க ஆண்டுக் கணக்கில் அலைந்தார்கள். அந்தச் சட்டம் மாறிய செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவரே அப்படி அலைந்த ஒரு சகோதரிதான். அந்த வழியில் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் 21 வயதானதும், 22 முடிவதற்குள், விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். மறந்தால் குடியுரிமையே போய்விடும். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, ஊரில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் இன்றிரவே உங்கள் பிறந்த தேதியைப் பாருங்கள்.

ஆண்பிள்ளைகளை அழைத்து நிரந்தரவாசம் வாங்குபவர்கள் தேசிய சேவையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசி ஆகும் பையன் பதினாறரை வயதில் பதிந்துகொள்ள வேண்டும். இது மறைவான விதி ஒன்றும் இல்லை, முதல் நாளே எழுத்தில் தருகிறார்கள். பையன் வளர்ந்த பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று வருவதில் பயன் இல்லை.

இனி, பெற்றோர். உம்மாவை அழைத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது. குடிமகன், நிரந்தரவாசி இருவருமே பெற்றோருக்கு நீண்டகால வருகை அட்டை கேட்கலாம். கேட்கும்போது கையெழுத்துப் போடுகிறோமே, அங்கேதான் பழைய 'ஜாமீன்' என்ற சொல் வருகிறது. இவர் இங்கே தங்குவதற்கும், இவருடைய பராமரிப்புக்கும், இவரைத் திருப்பி அனுப்புவதற்கும் நானே பொறுப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வருகை அட்டையில் இருக்கும் உம்மாவுக்கு அது கிடையாது, மருத்துவமனைச் சலுகையும் கிடையாது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் முழுக் கட்டணம். டாக்சி ஓட்டும் மகன், கிளீனிங் வேலை பார்க்கும் மகன், அந்தக் கட்டணத்தைத் தவணையில் கட்டுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சங்கத்தின் ஜகாத் நிதியால் ஓரளவு தாங்க முடியும், முழுதாக முடியாது. உம்மா வரும் முன்பே தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு விசாரியுங்கள். வயது ஏற ஏற அது கிடைப்பது அரிது.

வருகிற உம்மாவின் நாட்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே ஆண்டவர். இங்கே பன்னிரண்டாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு, மகனும் மருமகளும் வேலையிலிருந்து வரும்வரை மின்தூக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டு இருக்கிறார். நம் மகளிர் பிரிவு வியாழக்கிழமை காலையில் நடத்தும் பெரியம்மாக்கள் கூட்டம் அதற்காகத்தான். அழைத்து வந்து விட்டுவிட்டுப் போங்கள், மீன் குழம்பு பற்றி அவர்களே இரண்டு மணி நேரம் பேசிக்கொள்வார்கள்.

கடைசியாகச் சொல்ல வந்ததுதான் எங்களுக்கு முக்கியம். இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று குழுவுக்குள் பேசினோம். பொன்விழாவில் இனிப்பாகத்தான் பேச வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். மருமக்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வேறு எப்போது கிடைக்கும் என்று மற்றவர்கள் சொன்னோம்.

ஊரிலிருந்து நாம் கொண்டுவரும் மருமகளின் அட்டை மகனின் கையெழுத்தில் நிற்கிறது. புதுப்பிக்கும்போதும் அவன் கையெழுத்து வேண்டும். வேலைக்குப் போகவும் அட்டை வேண்டும், அதன்மேல் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அவளுக்கு இங்கே வாப்பா இல்லை, நானா இல்லை, ஓடிப்போய் அழ ஒரு ராத்தா வீடு இல்லை. வீட்டில் வாக்குவாதம் வரும்போது, "ஊருக்கு அனுப்பிவிடுவேன்", "அடுத்த தடவை கையெழுத்துப் போடமாட்டேன்" என்ற பேச்சு வருகிறது. சொல்பவர் கோபத்தில் சொல்லி மறந்துவிடுகிறார். கேட்பவள் மூன்று ஆண்டும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊரில் பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண், எங்கள் முன்னால் உட்கார்ந்து, தன் பாஸ்போர்ட் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது என்றாள். அவள் கணவர் கெட்டவர் அல்லர். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் வாங்கி வைத்ததுதான். ஆனால் அட்டை காலாவதியாக ஒன்பது நாள்தான் இருந்தது, அது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் நினைவில்லை.

ஆகவே சில விவரங்களை எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறோம். ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் தக்க காரணமின்றிப் பிடித்து வைத்திருப்பது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். அவளுடையது அவள் கையில் இருக்கட்டும். கைநீட்டுவது, மிரட்டுவது நடந்தால் நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அது மாதர் சாசனத்தில் உள்ளது என்றாலும் முஸ்லிம்களுக்கும் பொருந்தும், குடிமகளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். கணவன் மவுத்தானாலும் தலாக் ஆனாலும், சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளையை வளர்க்கும் தாயின் நிலையை அதிகாரிகள் தனியாகப் பரிசீலிக்கிறார்கள். உறுதி கொடுக்க எங்களால் முடியாது, ஆனால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதில்லை. இத்தா முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே எங்களிடம் சொல்லியனுப்புங்கள், மகளிர் பிரிவினர் வீட்டுக்கே வருவார்கள்.

மாமியார்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் அந்தக் காலத்தில் இதே மாதிரி வந்தவர்கள். சில பேர் வரவே முடியாமல், பதினைந்து ஆண்டு கடிதத்தோடு குடும்பம் நடத்திவிட்டு, அப்புறம் வந்தவர்கள். உங்களுக்குத் தெரியாததை நாங்கள் சொல்லப் போவதில்லை. உங்கள் மகன் கோபத்தில் 'கையெழுத்து' என்ற சொல்லை எடுத்தால், அந்த இடத்திலேயே நீங்கள் தடுங்கள். நீங்கள் தடுத்தால் நிற்கும், நாங்கள் சொல்லி நிற்காது.

நிரந்தரவாசிகளாக இருக்கும் மருமக்களுக்கும் ஒன்று. ஊருக்குப் போகும்முன் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பாருங்கள். அது காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசமே போகும் ஆபத்து உண்டு. பிரசவம், மையித்து, கல்யாணம் என்று ஊரில் தங்கல் நீளும்போது இது மறந்துபோகும்.

முகவர்களைப் பற்றிக் கேட்டு ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஆணையத்தின் விண்ணப்பங்களை சிங்பாஸ் மூலம் நாமே இணையத்தில் போடலாம். நிரந்தரவாச விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி, கிடைக்காவிட்டால் திரும்ப வராது. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த ஆளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் மேசை சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை சங்க அலுவலகத்தில் இருக்கும். வரும்போது பழைய பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ், பதிவுத் திருமணச் சான்றிதழ், வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம், சேமநிதிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். மறுத்து வந்த பழைய கடிதங்கள் இருந்தால் வெட்கப்படாமல் அவற்றையும் கொண்டுவாருங்கள், எங்களுக்கு அவைதாம் அதிகம் உதவும். மருமகளுக்காக வருபவர்கள் மருமகளையும் கூட்டி வர வேண்டும். எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுப்போம். ஒன்று கையெழுத்துப் போடுபவருக்கு, இன்னொன்று வருபவருக்கு. நகல் எடுக்கும் இயந்திரம் அடிக்கடி மக்கர் செய்கிறது, கொஞ்சம் முன்னதாக வந்துவிடுங்கள்.